வாரிசு இல்லாத கல்லறைகள்

வீட்டுக்கு வாரிசு உண்டு, நிலத்துக்கு வாரிசு உண்டு. ஐந்து சென்ட் மனைக்கு அண்ணனும் தம்பியும் கோர்ட்டு வாசலில் முகம் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். கல்லறையில் பாகம் கேட்டு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. மூன்று தலைமுறை போனால் பேரன் பேத்திகள் வெளியூர், வெளிநாடு என்று கலைந்துவிடுகிறார்கள். அதன்பிறகு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருப்பது யாரோ ஒரு டீக்கடைக்காரர், வலை பின்னும் மீனவர், ஆடு மேய்க்கும் ஒரு அம்மாள். ரத்த சம்பந்தமே இல்லாத அவர்கள்தான் அதற்கு மிச்சமிருக்கும் சொந்தக்காரர்கள். பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையிலேயே தலை நரைத்துப் போன எனக்குக் கல்லறைகளைப் பற்றிச் சொல்ல இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

பழவேற்காட்டுக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு அதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். கோட்டை இன்று புதர் மூடிக் கிடக்கிறது. நிற்பது கல்லறைத் தோட்டம்தான். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே குலச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பொறித்த பெரிய பெரிய கற்பலகைகள். எழுத்தைச் செதுக்கியவன் கை அவ்வளவு நிதானம். முந்நூற்றைம்பது வருஷத்து உப்புக் காற்றுக்குப் பிறகும் விரலால் தடவினால் எழுத்தின் விளிம்பு தட்டுப்படுகிறது. அந்தக் கல்லில் பெயர் உள்ளவர்களின் வழிவந்தவர் எவரும் ஊரில் கிடையாது. சுற்றி இருப்பவர்கள் மீனவர்கள், தமிழ் முஸ்லிம்கள், சின்ன வியாபாரிகள்.

இந்திய தொல்லியல் துறையின் நீலப் பலகை அங்கே இருக்கிறது. 1958-ஆம் வருஷத்துச் சட்டமும் 2010-ல் வந்த திருத்தமும் சேர்ந்து, சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கின்றன. நல்ல சட்டம்தான். ஆனால் பலகை ராத்திரியில் விழித்திருக்காது. பக்கத்து வீட்டு நாய் குரைத்து, அந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து “யாருய்யா அங்க?” என்று கேட்டால்தான் கல் பிழைக்கும்.

ஒரு இளைஞன் என்னிடம் மடக்கிக் கேட்டான்: “நம்ம ஆட்களைப் பிடித்து அடிமையாக விற்றவர்களின் சமாதியை நாம் எதற்கு ஐயா பாதுகாக்க வேண்டும்?” நியாயமான கேள்வி. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில், பழவேற்காட்டிலிருந்து பல்லாயிரம் பேரை டச்சுக் கப்பல்கள் பட்டேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றிப் போயிருக்கின்றன. அவர்களில் ஒருவருக்கும் கல் கிடையாது, பெயர் கிடையாது. அவனுக்கு நான் திருப்பிச் சொன்னது இதுதான்: தம்பி, விற்றவனின் கல்லையும் உடைத்துப் போட்டுவிட்டால், இந்தக் கரையில் இப்படி ஒரு வியாபாரம் நடந்ததற்கு ஊருக்குள் சாட்சி என்று எதைக் காட்டுவாய்? மரியாதை செய்யச் சொல்லவில்லை, மாலை போடவும் சொல்லவில்லை. பத்திரத்தைக் கிழிக்காமல் வை என்கிறேன். அவன் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாதவனும் கல்லை உடைக்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

கல்லறைகளைத் தேவைக்குத் தகுந்தபடி தூக்கிப் போடுவது புதிய பழக்கம் அல்ல. சென்னையில் ஆங்கிலேயரின் முதல் இடுகாடு, இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம், ஒரு கொய்யாத் தோட்டத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான அந்தச் சமாதிகளின் மறைவில் நின்று சுட்டது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்களே தங்கள் முன்னோரின் சமாதிகளை இடித்துத் தள்ளி, எழுத்துள்ள கற்களை மட்டும் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தின் வெளியே தரையில் பாவினார்கள். ஹைதர் அலியோடு நடந்த சண்டையின்போது, 1782-ல், அவற்றில் சிலவற்றைப் பெயர்த்துப் பீரங்கி வைக்கவும் பயன்படுத்தினார்கள். பெற்ற பிள்ளைகளே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்ல? இடிக்காமல் விட்ட ஒரு கூம்புச் சமாதி இன்றும் சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட், நாலு வயசுப் பிள்ளை, அங்கே அடக்கம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான். வண்டி நிறுத்த இடம் போதவில்லை, இந்தச் சமாதியை இடம் மாற்றுங்கள் என்ற வழக்கு 2023-ல் உயர் நீதிமன்றம் வரை வந்தது. பீரங்கிக்கு அடுத்து கார். காலத்துக்குத் தகுந்த தேவை!

இனி என் தொழில் பேச்சு கொஞ்சம். அழிக்க வருகிறவனைவிட, நல்லெண்ணத்தோடு சிமென்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவனிடம்தான் எனக்குப் பயம் அதிகம். ஒரு ஊரில் பழைய கல்லறைத் தோட்டத்தைப் “புதுப்பிக்க” ஒப்பந்தம் எடுத்தவர், ஆசிட் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கல் பளபளவென்று வந்தது. எழுத்தில் பாதி போய்விட்டது. திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள். பழைய செங்கல் கட்டு சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அது ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உள்ளேயே உப்புப் பூத்து, செங்கல் மாவு மாவாக உதிரும். பூச்சு மட்டும் ஓடு மாதிரி நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. உப்பங்கழிக் காற்றடிக்கும் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வேடிக்கை என்னவென்றால், பழவேற்காடு ஏரியிலேயே கிளிஞ்சல் கிடைக்கிறது. அதைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த காரைதான் அந்தக் காலத்துக் கட்டடங்களுக்கு ஏற்றது. அதைச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள்; இருக்கிறவர்களின் கூலி கூடுதல். கொடுக்கத்தான் வேண்டும்.

அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது. வேர் போன வழியெல்லாம் செங்கல்லும் கூடவே வரும். அடியோடு வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்ய வேண்டும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பதும் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்தால், மதியத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கூடத் தெரியும்.

நந்தம்பாக்கத்தில் போர் வீரர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். புல்லை வெட்டி, பூச்செடி வைத்து, கல் ஒவ்வொன்றும் நேற்று நட்டது போல இருக்கும். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல ஊர்களில் நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லை என்று தெரிந்ததால், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் எச்சங்களை எடுத்துவந்து, 1952-ல் அங்கே ஒன்றாக வைத்தார்கள். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். செலவுக்குப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓர் ஆணையமே இருக்கிறது. அந்த வசதி எல்லாக் கல்லுக்கும் வராது.

கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2-ல், நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் பெரியவர்களின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சில அம்மாமார் மீதமுள்ள மெழுகுவத்தியைப் பக்கத்தில் ஆளில்லாமல் கிடக்கும் கல்லிலும் ஏற்றிவிட்டுப் போவதைக் கவனித்திருக்கிறேன். யார் என்று அவர்களுக்கும் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததும் இல்லை.

மற்றவர்களின் இடுகாட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் நம்முடையதை என்ன செய்கிறோம்? வீட்டுக்கு வானம் தோண்டும்போது முதுமக்கள் தாழி வந்தால், புதையல் என்று உடைத்துப் பார்த்து, எலும்பும் மண்ணும்தான் என்றதும் மூடிவிடுகிறோம். சரளை மண் அள்ளும் வண்டிகள் எத்தனையோ தாழிக்காடுகளைச் சாலையாக்கிவிட்டன. ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர் தப்பித்திருப்பது பெரிய விஷயம். 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. மண்ணில் புதைந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்துவிட்டது. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னாலும் சரி, சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கூச்சமானது. நம் கிராமங்களில் சாதிக்கொரு சுடுகாடு, சாதிக்கொரு பாதை. பாடையை இந்த வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று இன்றும் மறிக்கிறார்கள். இறந்தவர்களைக்கூடப் பிரித்து வைத்திருக்கும் ஊரில் கல்லறை எல்லோருக்கும் பொது என்று பேசினால் எடுபடுமா? அந்தப் பாதைத் தகராறைத் தீர்க்காத ஊர், பழைய கல்லறைக்கு வேலி போட்டால், எனக்கென்னவோ அது போட்டோவுக்குச் செய்த வேலையாகத்தான் படுகிறது.

வேலை என்று பார்த்தால் அதிகம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு தரம், தை பிறந்ததும் ஒரு தரம் முள்ளை வெட்டினால் பாதை தெரியும். பாதை தெரிந்தால் நாலு பேர் நடப்பார்கள். நாலு பேர் நடக்கும் இடத்தில் சீட்டுக் கச்சேரியும் பாட்டிலும் குறையும். தேவாலயத்துக்குச் சொந்தமான இடமானால் சபையாரைக் கேட்க வேண்டும், பள்ளிவாசல் இடமானால் ஜமாத்தாரை. நீலப் பலகை உள்ள இடத்தில் தொல்லியல் துறைக்கு எழுதிக் கொடுத்து, அனுமதி வந்த பிறகுதான் உள்ளே அரிவாளைக் கொண்டுபோக வேண்டும். ஒரு செங்கல்லைக்கூட நாமாக நகர்த்தக் கூடாது. பதில் வரத் தாமதமானால் திரும்பவும் எழுத வேண்டும், இந்தத் தடவை ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்தோடு.