ஊதாங்குழலும் ஒரு காரும்

"என்னடா இது, வடாம் பிழிவதைப் பற்றியும் கைக்குழந்தைக்கு மாந்தம் வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியும் எழுத வேண்டியவள், காரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே!" என்று மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள், சகோதரிகளே. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, 1999-ல் கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தவள் நான். அதற்கு முந்தைய வருஷம்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்திருந்தது. ராமானுஜர் அவதரித்த ஊர் என்றுதான் அதுவரை எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இந்த ஊரைத் தெரியும். நான் வந்து பார்த்தபோது, பெருமாள் கோவில் மணி ஒரு பக்கம், ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் ஒரு பக்கம்!

என் வீட்டுக்காரருக்கு பிரேக் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பையன் டிப்ளமா முடித்து ஒரகடத்தில் வேலைக்குப் போகிறான். ஆகையால் எங்கள் வீட்டில் சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது கூட காதில் விழுவது கார்ப் பேச்சுதான். இத்தனை வருஷமாக அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக் கொண்டிருந்தேன். 2023-ல் ஒரு நாள் அப்படி விட முடியாமல் போயிற்று.

"அம்மா, உன் சீட்டுப் பணம் வருதில்ல? அதுல ஒன்றரை லட்சம் கொடேன். ஒரு பழைய கார் வருது. வாங்கி, ரீமேப் பண்ணப் போறேன்" என்றான்.

"அது என்னடா மேப்பு?"

"இன்ஜினுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கும்மா. அதுல கணக்கை மாத்திட்டா அதே இன்ஜின் இன்னும் அதிக சக்தி கொடுக்கும். என் ஃப்ரெண்டு ஷெட்ல ஒரு நாள் வேலை. வண்டி அப்படியே பறக்கும்!"

பறக்கும்! அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அப்போதைக்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இரவு இவரிடம் கேட்டேன், "சாதாரணக் காரை வேகக் கார் ஆக்குறதுன்னா என்னங்க?" என்று. இவர் சொன்னது எனக்கே சுவாரசியமாக இருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

குடும்பக் காரையே எடுத்து, கம்பெனிக்காரர்களே அதிக சக்தியோடு ஒரு ரகம் செய்வது பல காலமாக உள்ள வழக்கமாம். இங்கிலாந்தில் 1959-ல் மினி என்ற குட்டிக் கார் வந்தது. 1961-லேயே அதன் வேக ரகமாக மினி கூப்பர் வந்து, பிறகு மான்டி கார்லோ பந்தயத்தில் பெரிய கார்களையெல்லாம் தோற்கடித்ததாம். ஜெர்மனியில் 1976-ல் கோல்ஃப் ஜி.டி.ஐ. விற்பனைக்கு வந்தது. நம் கோயம்புத்தூரும் இதில் சளைத்ததில்லை. அங்கே உள்ள ஜெயம் நிறுவனம் டாட்டாவோடு சேர்ந்து, 2018-ல் டியாகோ, டிகோர் கார்களுக்கு ஜே.டி.பி. என்று ஒரு வேக ரகம் கொண்டு வந்தது. சாதாரண டியாகோவுக்கு 85 குதிரை சக்தி என்றால் இதற்கு 114. ஆனால் 2020-ல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் மாறியபோது அது நின்றுவிட்டது.

எங்கள் இருங்காட்டுக்கோட்டையிலேயே 2021 செப்டம்பரில் ஐ20 காருக்கு 'என் லைன்' என்று ஒரு ரகம் வந்தது. "என் லைன்னா என்னுடைய லைனா?" என்று கேட்டேன். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அது இங்கிலீஷ் எழுத்தாம். கொரியாவில் ஹூண்டாயின் ஆராய்ச்சிக் கூடம் உள்ள ஊர் நாம்யாங். ஜெர்மனியில் அவர்கள் கார்களை ஓட்டிப் பார்க்கும் பந்தயப் பாதை நூர்பர்க்ரிங். இரண்டுக்கும் முதல் எழுத்து அதுதான். முழு 'என்' ரகம் 204 குதிரை சக்தியோடு துருக்கியில் செய்து ஐரோப்பாவில் விற்றார்கள். நமக்கு வந்த 'என் லைன்' அதற்குத் தங்கை மாதிரி. 120 குதிரை சக்தி. சாதாரண ஐ20-க்கு 83.

"இன்ஜின் பெரிசா இருக்குமோ?"

"அதுதான் இல்லை. சாதாரணத்துல 1197 சி.சி. இதுல 998 தான். டர்போ இருக்கே!" என்றார்.

டர்போ என்றால் என்னவென்று அவர் விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊதாங்குழல்தான்! விறகடுப்பு மங்கினால் அம்மா என்ன செய்வாள்? இன்னொரு விறகை வைப்பதற்கு முன்னால் ஊதாங்குழலை எடுத்து நாலு ஊது ஊதுவாள். காற்று உள்ளே போனதும் 'குப்'பென்று பிடித்துக் கொள்ளும். சின்ன அடுப்பே பெரிய அடுப்பின் வேலையைச் செய்யும். காரில் ஊதுவது யார்? இன்ஜினிலிருந்து வெளியே போகும் புகையே ஒரு குட்டிச் சக்கரத்தை நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. வீணாய்ப் போகிற புகையை வேலை வாங்கும் சாமர்த்தியம்! நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தலைவிதான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

"அப்படின்னா பையன் சொல்றதும் இதேதானே?" என்றேன்.

இவர் முகம் மாறியது. "இல்லை. பிரேக்குங்கிறது வேகத்தைச் சூடாக மாத்துற வேலை. உன் தோசைக்கல் மாதிரி அந்தத் தட்டு சூட்டை வாங்கிக்கணும். 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டியை நிறுத்த ஒரு பங்கு தூரம் வேணும்னா, 100-ல போறதை நிறுத்த நாலு பங்கு வேணும். இரண்டு பங்கு இல்லை, நாலு! கம்பெனிக்காரன் இன்ஜின் சக்தியைக் கூட்டினா, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைக்கிறான், ஸ்பிரிங்கை இறுக்குறான், ஸ்டியரிங்கைச் சரி பண்றான். ஷெட்டுல இன்ஜினை மட்டும்தான் ஊதிவிடுவாங்க. பிரேக் அதே பழைய பிரேக்தான்."

இது தவிர, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி குற்றம் என்றும், 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்திருக்கிறது என்றும் சொன்னார். வாரண்டியும் போய்விடுமாம், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் வம்புதான்.

நிற்க. என் நெஞ்சில் தைத்த முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும் அல்லவா?

எனக்கு ஒரு தம்பி இருந்தான். 2007-ல் அவனுக்கு ஒரு பைக் மேல் ஆசை. "அக்கா, எடுத்த எடுப்புலேயே பறக்கும்க்கா!" என்பான். அப்பா மறுத்துவிட்டார். நான்தான் யாருக்கும் தெரியாமல் என் இரண்டு வளையல்களை அடகு வைத்து முன்பணம் கொடுத்தேன். 2009-ல் ஒரு நாள் விடியற்காலை, பெங்களூர் நெடுஞ்சாலையில், நின்றிருந்த லாரியின் பின்னால்... அவனுக்கு அப்போது 23 வயது. ஹெல்மெட் டாங்க்கின் மேல் மாட்டியிருந்ததாம். வளையல் விஷயத்தை நான் அப்பாவிடம் சொல்லவேயில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா விபத்தில் இறந்தார் என்பது மட்டும்தான் என் பையனுக்குத் தெரியும்.

இப்போது அதே வார்த்தை, அதே வயது, அதே கண்ணில் மினுமினுப்பு! முடியாது என்று கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் என்ன ஆகும்? நான் செய்ததைப் போலவே, வேறு யாராவது ரகசியமாகக் கொடுப்பார்கள்.

இவர் ஒரு யோசனை செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தய மைதானத்துக்கு அழைத்துப் போனார். முன்னெல்லாம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில்தான் கார் பந்தயம் நடக்கும். பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் இங்கே சொந்தமாகப் பாதை போட்டார்கள்; ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் போனதில்லை.

நம் தெருவில் ஓடுகிற அதே மாதிரிக் கார்கள்தான் அங்கேயும் சீறிக்கொண்டு ஓடின. காது அடைத்துப் போயிற்று. ஆனால் நான் பார்த்தது வேறு. ஒவ்வொரு காருக்குள்ளும் இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருந்தார்கள். ஓட்டுகிறவர் தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை, கையும் காலும் தவிர எதையும் அசைக்க விடாத பெல்ட் என்று கட்டுண்டு கிடந்தார். வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள். ஆம்புலன்ஸும் டாக்டரும் தயார். எதிரே வண்டி வராது; குறுக்கே மாடு வராது; பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வராது.

"பார்த்தியா? வேகத்துக்கு இத்தனை வேலி போட்டுட்டுத்தான் விடுறாங்க" என்றார் இவர், யாரையும் பார்க்காமல். பையன் பேசவில்லை.

அன்று இரவு அவனுக்குச் சாதம் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வளையலையும் சேர்த்து. 14 வருஷமாகத் தொண்டையில் நின்றது அது. அவன் வெகு நேரம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். பிறகு, "மாமா செத்தது உன் வளையலாலே இல்லம்மா. ஹெல்மெட்டைத் தலையில போடாம டாங்க் மேல மாட்டினாரே, அதாலே" என்றான். நான் பெற்ற பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிற வயதுக்கு வந்துவிட்டான் என்று அன்றுதான் தெரிந்தது.

பழைய காரும் ரீமேப்பும் அத்தோடு போயின. அவன் ஒரு வருஷம் பொறுத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தான். 2024-ல், என் சீட்டுப் பணத்தையும் போட்டு, பாக்கிக்கு பாங்கில் கடன் எடுத்து, அந்த 'என் லைன்' காரையே வாங்கினோம். ஏறக்குறைய பத்து லட்சம் விலை. வரியும் இன்ஷூரன்ஸும் தனி. "பயந்தவள் அதையேவா வாங்கிக் கொடுத்தாய்?" என்று என் ஓரகத்தி கேட்டாள். வேகத்தோடு பிரேக்கையும் சேர்த்துச் செய்த வண்டி, ஆறு ஏர்பேக் உள்ள வண்டி. ஆசையை அடக்கி வைத்து, அது திருட்டுத்தனமாக வெளியே போவதைவிட, என் கண் முன்னால் இருப்பது மேல் என்று நினைத்தேன். தப்போ சரியோ, ஒரு தாயின் கணக்கு இது.

இளம் தாய்மார்களுக்கு, எங்கள் வீட்டில் போட்ட நிபந்தனைகளைச் சொல்கிறேன். எந்தக் காராக இருந்தாலும் பொருந்தும்:

பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்ட பிறகுதான் வண்டி கிளம்பும். குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு முன்னால் உட்காரக் கூடாது. நம் கைப்பிடி எவ்வளவு கெட்டியானாலும் விபத்தின் வேகத்துக்கு முன் அது நிற்காது. குழந்தைக்கு வயசுக்கு ஏற்ற தனி ஆசனத்தைப் பின் சீட்டில் பொருத்துங்கள். பின்பக்கம் பார்த்துப் படுக்க வைக்கும் கைக்குழந்தை ஆசனத்தை, ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருநாளும் வைக்காதீர்கள். கர்ப்பிணிகளும் பெல்ட் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல். மேல்பட்டை மார்புக்கு நடுவே. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போய்விடும். ஒரு தும்மல் போடும் நேரம்தான்! ஆகையால் முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது.

ஆதிகேசவப் பெருமாள் சன்னிதியில் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை எடுத்தோம். அடுத்த ஞாயிறு விடியற்காலை ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் அகலமான சாலையில், முன்னும் பின்னும் வண்டியே இல்லாத நேரத்தில், "ஒரே ஒரு தடவை காட்டுடா, என்னதான் அப்படி இருக்குதுன்னு" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். என் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். நாற்பதிலிருந்து எண்பது. அவ்வளவுதான். யாரோ அன்பாக முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல, சீட்டு என்னை அணைத்துக் கொண்டது. வயிற்றுக்குள் ஊஞ்சல் ஆடியது. என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்துக் கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. என் தம்பி எதைத் தேடிப் போனான் என்று 15 வருஷம் கழித்து அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் மேல் இருந்த கோபமும் அந்தச் சாலையிலேயே இறங்கிப் போயிற்று.

டர்போ வண்டியை வேகமாக ஓட்டி வந்தால், உடனே இன்ஜினை நிறுத்தக் கூடாதாம். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். சுற்றிச் சுற்றிக் காய்ந்த அந்தக் குட்டிச் சக்கரம் எண்ணெயில் ஆற வேண்டுமாம். தினமும் ராத்திரி பையன் வந்து வாசலில் நிறுத்தி, அந்த ஒரு நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருப்பான். நான் அடுப்படியில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். சத்தம் அடங்கி, கதவு சாத்துகிற ஓசை கேட்ட பிறகுதான் முதல் கரண்டி மாவை ஊற்றுவேன்.