முதுகில் இரண்டு லிட்டர்

ஏற்காடு மலைப்பாதையின் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில், மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணி அளவில், எங்கள் இயற்பியல் பேராசிரியை மிதிவண்டியை விட்டு இறங்கினார். அதைச் சாய்த்து வைக்கவும் இயலாமல் தரையில் விட்டுவிட்டு, சாலையோரச் சுவரில் அமர்ந்தார். முகம் வெளிறியிருந்தது, கைகள் நடுங்கின. முதுகிலிருந்த பையை நாங்கள்தான் கழற்றினோம். கழற்றும்போதே கை உணர்ந்துவிட்டது, கனம் குறையவேயில்லை என்று. அடிவாரத்தில் நிரப்பிய இரண்டு லிட்டரில் ஒரு டம்ளர் குறைந்திருந்தால் அதிகம். நீரைச் சுமந்துகொண்டே ஒருவர் நீரின்றித் துவண்டுபோக முடியும் என்பதை அன்று கண்டோம்.

மலையில் மிதிவண்டி ஓட்டும் பெண்களுக்கு எந்தத் தண்ணீர்ப் பை பொருந்தும் என்று தோழியர் சிலர் கேட்டதால் இதை எழுத அமர்ந்தோம். எழுத அமர்ந்தால் அந்தப் பன்னிரண்டாவது வளைவுதான் முதலில் வந்து நிற்கிறது. இருக்கட்டும், பைக்கே வருவோம்.

நாங்கள் மூவர். ஒரே கல்லூரியில் ஒருவர் இயற்பியல் கற்பிக்கிறார், ஒருவர் நூலகர், ஒருவர் தமிழ். மூவருமே நாற்பதைக் கடந்தபின் கியர் வைத்த மிதிவண்டி வாங்கியவர்கள். ஒருவருக்கு மருத்துவர் சர்க்கரையைக் காட்டி மிரட்டினார்; மற்ற இருவருக்கும் அப்படி ஒரு சாக்குக்கூடக் கிடைக்கவில்லை, ஆசைதான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 30 கிலோமீட்டர் அளவு. 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்தபின் காப்பித் தோட்டங்களுக்கிடையே, அனுமதி கிடைக்கும் இடங்களில், மண்பாதைகள். தடித்த சக்கரமும் முன்புற அதிர்வுதாங்கியும் கொண்ட வண்டியின் உண்மையான இன்பம் அந்த மண்பாதையில்தான் இருக்கிறது.

வண்டிச் சட்டத்தில் ஒரு பாட்டில் மாட்டினால் போதாதா என்று கேட்கலாம். தார்ச்சாலையில் போதும். கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுப்பது விழுவதற்கு விண்ணப்பம் போடுவது. பாட்டிலின் வாயில் சேறும் சாணமும் தெறிக்கும். இன்னொன்றும் உண்டு. உயரம் குறைந்தவர்களுக்கான சிறிய அளவு வண்டிகளில் சட்டத்தின் நடுமுக்கோணமே சுருங்கிவிடுவதால், பெரிய பாட்டிலுக்கு அங்கே இடமிருப்பதில்லை. எங்கள் நூலகரின் வண்டியில் அரை லிட்டர் பாட்டில்தான் நுழைகிறது. ஆகவே நீர் முதுகுக்கு ஏறுகிறது; தோள்வழியே ஒரு குழாய் வருகிறது; அதன் முனையைப் பல்லால் கடித்து உறிஞ்சினால் நீர் வாய்க்கு வருகிறது, கை ஹேண்டில்பாரிலேயே இருக்கிறது.

இந்தப் பை பிறந்த கதை சுவையானது. 1988இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா ஃபால்ஸ் நகரில், ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் நூறு மைல் மிதிவண்டி ஓட்டத்துக்கு மைக்கேல் ஐட்சன் என்பவர் போனார். அவசர மருத்துவ உதவியாளர் அவர். மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் திரவப் பையில் நீரை நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் செருகி, சட்டையின் முதுகில் இணைத்து, குழாயைத் தோள்மேல் இழுத்துத் துணி மாட்டும் கிளிப்பால் பிடித்துவைத்தார். அடுத்த ஆண்டே அது கேமல்பேக் என்ற பெயரில் வணிகப் பொருளானது. நோயாளியின் தலைமாட்டில் தொங்கியது ஓட்டக்காரரின் முதுகில் ஏறிய கதை. ஆனால் முதல் அளவு எடுக்கப்பட்டது ஓர் ஆணின் முதுகில் என்பதை மறக்க வேண்டாம். அதற்குமுன் 1976இல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே பழைய மிதிவண்டிகளை மலைச்சரிவில் உருட்டிவிட்டு ‘ரீபேக்’ பந்தயம் நடத்திய கூட்டத்தில் வெண்டி க்ராக் என்ற பெண்ணும் இருந்தார். வண்டியும் ஓட்டினார், அந்தக் காலத்தின் நிழற்படங்களில் பெரும்பங்கை எடுத்தவரும் அவரே. பெண்கள் தொடக்கத்திலிருந்தே மலையில் இருந்தார்கள். அவர்கள் முதுகுக்கென்று பை தைக்கப்பட்டது மட்டும் வெகுகாலம் கழித்து.

எங்கள் முதல் பைகள் மூன்றும் ‘இருபாலருக்கும்’ என்று எழுதியவை. இருபாலர் என்பதில் ஒரு பால் எங்கே போனது என்று தெரியவில்லை. தோள்வார்கள் நேர்க்கோடாக இறங்கி மார்பின் மேலேயே ஏறி அமர்ந்தன. அல்லது அக்குளுக்கு நழுவிப் பக்கவாட்டுச் சதையை அறுத்தன. பையின் உடல் நீளமாக இருந்ததால், முன்குனிந்து மிதிக்கும்போது மேல்விளிம்பு ஹெல்மெட்டின் பின்புறத்தை இடித்தது. தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க முடியாது. இடைவார் வயிற்றின் நடுவில் நின்று மூச்சைப் பிடித்தது. கடைக்காரர், “எல்லாரும் இதத்தான் மேடம் வாங்குறாங்க” என்றார். நாங்களும் வாங்கினோம்.

இரண்டாம் முறை அளந்துகொண்டு போனோம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். அது மேல் எல்லை. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, பெருவிரல்களைப் பின்னோக்கி நீட்டினால் அவற்றுக்கிடையே முதுகில் ஒரு கோடு கிடைக்கும். அது கீழ் எல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீளமே பைக்கு வேண்டிய அளவு. ஆளின் உயரம் அன்று. எங்கள் மூவரில் உயரமானவர் நூலகர் அக்காவின் அண்டை நிற்கும் இயற்பியலார். ஆனால் முதுகு குட்டை அவருக்குத்தான், உயரமெல்லாம் காலில். பெண்களுக்கென வெட்டப்பட்ட பைகளில் முதுகு நீளம் குறைவு. தோள்வார்கள் நெருங்கித் தொடங்கி, ஆங்கில எஸ் எழுத்துப்போல் வளைந்து மார்பைச் சுற்றிக்கொண்டு போகும். இடைவார் சற்றுச் சரிந்து இடுப்பெலும்பைப் பிடிக்கும். ஆஸ்ப்ரே நிறுவனம் ஆண்களுக்கு ராப்டர் என்றும் பெண்களுக்கு ரேவன் என்றும் இணைப் பைகளையே வைத்தது இந்த வேறுபாட்டுக்காகத்தான். நிறம் மட்டும் மாற்றி ‘மகளிர்’ என்று ஒட்டிய பைகளும் சந்தையில் உண்டு. நிறத்தைப் பார்க்காமல் வார்களின் வளைவைப் பார்த்தால் ஏமாற மாட்டோம்.

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பையைத் தேர்ந்தெடுப்பது எங்கள் முதல் பிழை. வண்டியில் யாரும் நிமிர்ந்து நிற்பதில்லை. கனத்தை ஏற்றி, இடுப்பிலிருந்து முன்வளைந்து, தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும். கடையில் நீர் நிரப்ப விடமாட்டார்கள். பழக்கடைத் தராசில் நிறுத்து இரண்டு கிலோவுக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு போனோம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது. எந்தப் புத்தகங்கள் என்பதில் நூலகருக்கும் தமிழாசிரியைக்கும் நிகழ்ந்த விவாதம் இங்கு வேண்டாம். கடைப் பையன் நாங்கள் மூவரும் வரிசையாகக் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டான்.

மார்புவாரைத் தனியே சொல்ல வேண்டும். தோள்வார்கள் வெளியே நழுவாமல் முன்புறம் குறுக்கே பிணைக்கும் சிறு பட்டி அது. மேலும் கீழும் நகர்த்தும் வசதி இருந்தே ஆக வேண்டும். மார்புக்கு மேலே, காறையெலும்புக்குச் சற்றுக் கீழே நின்றால் ஓட்டும்போது அது இருப்பதே தெரியாது. நகராத வகை என்றால் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். எந்த அயல்நாட்டுக் கையேடும் சொல்லாத ஒன்று: தாலிச் சரடு அந்த வாருக்கு அடியில் சிக்கினால், மேடுபள்ளத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் எலும்பில் குத்தும். எங்களில் இருவர் அதை ஒருபக்கமாக ஒதுக்கிப் பனியனுக்குள் விட்டுவிடுகிறோம். மூன்றாமவர் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறார், மாமியாருக்குத் தெரியாது. சடையும் அப்படியே. பைக்கும் முதுகுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் தலையைத் திருப்ப முடியாது. கொண்டையாகக் கழுத்தோரம் முடிந்தால் ஹெல்மெட் உட்காராது. தளர்ந்த பின்னல் ஒன்றைத் தோளுக்கு முன்னே எடுத்துவிட்டு, நுனியை வாரில் செருகுவதே நாங்கள் கண்ட வழி.

எவ்வளவு நீர்? மணிக்கு அரை லிட்டர் என்பது பொதுக்கணக்கு, வெயிலில் கூடும். மூன்று லிட்டர் பைகளும் உண்டு. நிரப்பினால் நீர் மட்டும் மூன்று கிலோ. எங்களுக்கு இரண்டு போதும். கனத்தைத் தோளில் விடாமல் இடையில் இறக்க வேண்டும் என்று பை செய்பவர்கள் ஆய்ந்து சொல்கிறார்கள். பதினைந்து லிட்டர் குடத்தை இடுப்பில் வைத்து நடந்த எங்கள் அம்மாக்களுக்கு இதை யாரும் ஆய்ந்து சொல்லவில்லை.

இனி அந்த வளைவுக்குத் திரும்பலாம். நிழலில் அமர்த்தி, உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அவர் முகத்தில் நிறம் திரும்பியபின் நூலகர் கேட்டார்: “ஏன் மேடம் குடிக்கவே இல்ல? குழாய் அடைச்சுக்கிச்சா?”

“குழாய் நல்லாத்தான்கா இருக்கு. குடிச்சா அப்புறம் எங்க போறது?”

எங்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் எங்கள் பைகளும் ஏறக்குறைய நிரம்பியே இருந்தன. மூவரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லாமல். காலை ஒன்பதரை மணிக்கு வகுப்புக்குள் நுழைந்தால் பிற்பகல் வரை நீரே அருந்தாதிருக்கும் பழக்கம் பள்ளிக்காலத்திலேயே பயின்றது. தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக் கழிப்பறை, பேருந்து நிலையக் கழிப்பறை, தேர்வுப் பணிக்குப் போகும் ஊர்களில் பூட்டியே கிடக்கும் கழிப்பறை. எங்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வரும். மருத்துவர் “நிறையத் தண்ணி குடிங்க” என்று எழுதித் தருவார். எங்கே போவது என்பதை எழுதித் தருவதில்லை. இந்தப் பைக்குள் இருக்கும் நெகிழி உறைக்கு ஆங்கிலத்தில் பிளாடர் என்று பெயர். முதுகிலிருக்கும் பிளாடரை நிரப்பிக்கொண்டு, வயிற்றிலிருக்கும் பிளாடருக்கு அஞ்சி, மூன்று முதுகலைப் பட்டதாரிகள் மலையேறியிருக்கிறோம்.

ஐந்திணை ஐம்பதில் பாலைநிலச் சுனையொன்று வரும். கலைமானுக்கும் பிணைமானுக்கும் சேர்த்துப் போதாத நீர். பிணை குடிக்கட்டும் என்று கலைமான் வாயை வைத்துக் குடிப்பதுபோல் பாவனை செய்யும். மாறன் பொறையனார் அந்த நீரைச் சுட்ட, சிறிதளவு நீர் என்ற பொருளில், ‘சிறுநீர்’ என்றே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆண்டுதோறும் அந்த இடத்தில் பின்வரிசையில் சிரிப்பு எழும். தமிழாசிரியை சொற்பொருள் மாற்றத்தை விளக்கிக் கடந்துபோவார். மலையில் நாங்கள் மூன்று பிணைகளும் குழாயை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் கலைமானின் வேலையைச் செய்துகொண்டிருந்தோம் என்பது பன்னிரண்டாவது வளைவில்தான் விளங்கியது.

அதன்பின் பையில் நாங்கள் தேடிய பொருள் மாறியது. நீருக்கு இரண்டு லிட்டர் போக, இன்னொரு அறை இருக்கிறதா? அதில் ஒரு சிறு மண்வெட்டுக் கரண்டி, காகிதம், மூடியுள்ள பை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாக அடர்நிறப் பழைய சேலையில் கிழித்த இரண்டு கெஜம் துணி. இருவர் பிடித்தால் மூன்றாமவருக்கு அது அறை. பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பை இதற்குத் தாராளம். குடிப்பதற்கும் முறை வைத்தோம்: வளைவுக்கு இரண்டு மிடறு, ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணிக் குடிக்கும் சிறுமிகளைப்போல இருந்தது.

பையைக் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. அதில் நீர் தவிர எதையும் ஊற்றாதீர்கள். சர்க்கரைக் கரைசல் குழாயில் கரும்பூஞ்சையை வரவழைக்கும், அதைப் பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் அலசி, வாயை விரித்துத் தொங்கவிட வேண்டும். நிரப்பியபின் தலைகீழாகப் பிடித்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால் முதுகில் தளும்பும் ஓசை நிற்கும்.

புதுப் பைகளோடு மேலே போன முதல் நாள், தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு அருகே மண்பாதையில் நின்றோம். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா இடுப்பில் குடத்தோடு ஏறி வந்தவர் எங்களைச் சுற்றிவந்து பார்த்தார்.

“முதுகுல என்ன கண்ணு?”

“தண்ணிங்கம்மா.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான்” என்றார் இயற்பியலார், குழாயை எடுத்துக் காட்டி.

“அம்புட்டும் உனக்கேவா?” அவர் கேட்டதில் கேலி இல்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வாரை இழுத்துப் பார்த்தார், பையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துக் கனம் பார்த்தார். நாங்கள் குடத்தைத் தூக்கிவிட முன்வந்தபோது வேண்டாமென்று கையமர்த்திவிட்டு அவரே இடுப்பில் ஏற்றிக்கொண்டார். பத்தடி போனவர் திரும்பினார்.

“அந்த மூணாவது ஊடு நம்மளுதுதான். பின்னாடி கக்கூஸ் இருக்குது, கதவு இருக்குது. வேணும்னா போயிட்டு வாங்க சாமி, வெக்கப்படாதீங்க.”

வரிசையில் மூவரும் போய் வந்தோம். வெளியே வந்ததும் இயற்பியலார், யாரும் சொல்லாமல், குழாயைக் கடித்து நீளமாக உறிஞ்சினார். காற்று ஏறும் ஓசை கேட்கும்வரை நிறுத்தவில்லை. பையை அந்த அம்மாவின் குடத்திலிருந்துதான் மீண்டும் நிரப்பினோம்.