மலைக்கு ஒன்று, குகைக்கு ஒன்று

பாடப் புத்தகங்களில் சிரபுஞ்சி என்று படித்த சோராவில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மி.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டுகிறது. அருகே நோங்ரியாட்டின் ஈரடுக்கு வேர்ப் பாலத்துக்குப் போய்வர ஆயிரக்கணக்கான படிகள். ஏறும்போது வியர்வை, மேட்டைத் தொட்டதும் காற்று. நனைந்த பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

இங்கே கைகொடுப்பது மெல்லிய நைலான் விண்ட்சீட்டர். 200 கிராமுக்குள் எடை, தலைமூடி, கழுத்துவரை ஜிப், மணிக்கட்டில் எலாஸ்டிக் இருந்தால் போதும். ஆனால் அது தூறலைத்தான் தாங்கும், சோரா மழையை அல்ல. காசிப் பெண்கள் மூங்கிலும் இலையும் கொண்டு பின்னிய 'க்னுப்'பைத் தலையிலிருந்து முதுகுவரை கவிழ்த்துக்கொண்டு வயலில் இறங்குவது சும்மா அல்ல.

குகைக்குள் கணக்கு மாறுகிறது. ஜைந்தியா மலையில் 30 கி.மீ.க்கும் மேல் நீளும் க்ரெம் லியாட் பிரா போன்ற சுண்ணாம்புக் குகைகளில் தவழ்ந்தால் மெல்லிய நைலான் கிழியும். வெளிப்பை பாறையில் மாட்டும். அங்கே தடித்த முழு உடுப்புதான் காப்பு. மின்விளக்கு எரியும் மவ்ஸ்மாய் குகைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மழைக்காலத்தில் வெள்ளம் புகும் என்பதால் குகை ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் நடக்கின்றன. ஈர உடம்போடு வாசலுக்கு வரும்போதுதான் நடுக்கம் தொடங்கும். நனையாத பையில் பத்திரமாக வைத்த விண்ட்சீட்டருக்கு வேலை அப்போதுதான்.