உலகச் செய்திக்குப் பின்னால் உள்ள கதை



பாலஸ்தீனம் பற்றி நம் குடும்பக் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் படித்தேன். எல்லாரிடமும் கோபம் இருந்தது. ஆனால் ஒருவரும் 1948-க்கு முன்னால் போகவில்லை. அதனால்தான் இன்று எழுத்தாளர் பா.ராகவனைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

உலக அரசியல் நம் நாகூருக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. சபர் போனவர்கள் உள்ள வீடுகளில் அடுப்பு எரிய யோசித்த நாட்கள் அவை. ஏறக்குறைய 1,70,000 இந்தியர்களை அம்மான் வழியாக விமானத்தில் அழைத்து வந்தார்கள். "சதாம் ஏன் சார் அங்க போனாரு?" என்று மாணவனின் தாயார் ஒருவர் கேட்டார். அந்த 'ஏன்'-க்கு விளக்கமாகப் பதில் சொல்ல, அவர் கையில் கொடுக்கும்படி எளிய தமிழ்ப் புத்தகம் எதுவும் அன்று என்னிடம் இல்லை.

பின்னாளில் அந்த வேலையைச் செய்தவர்களில் பா.ரா. முக்கியமானவர். அடிப்படையில் அவர் கதைக்காரர். கல்கியிலும் குமுதத்திலும் பணியாற்றியவர். 'அலகிலா விளையாட்டு', 'யதி' போன்ற நாவல்களை எழுதியவர். குமுதம் ரிப்போர்ட்டரில் அமெரிக்க வரலாற்றை 'டாலர் தேசம்' என்றும், இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்னையை 'நிலமெல்லாம் ரத்தம்' என்றும் தொடராக எழுதினார். டீக்கடைப் பெஞ்சில் பத்திரிகை புரட்டுபவருக்கும் புரிகிற தமிழ். அத்தியாயத்தை எங்கே நிறுத்தினால் அடுத்த இதழுக்குக் காத்திருப்பார்கள் என்பது நாவலாசிரியருக்குத் தெரியாதா?

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கதை என்றால் பத்தாம் பக்கத்திலேயே நாம் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவோம். வரலாற்றை அப்படிப் படிக்கக்கூடாது. விறுவிறுப்பாக எழுதப்பட்ட புத்தகத்தை முடித்ததும், அதே விஷயத்தை வேறொருவர் எப்படி எழுதியிருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். 1947 என்றால் நமக்குச் சுதந்திரம்தான் நினைவுக்கு வரும். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் ஐ.நா.வில் வந்தது. அதை எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வாக்குவாதம் செய்த உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பத்திரிகைத் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். செய்தி 'என்ன நடந்தது' என்று சொல்லும். அதற்கு முந்தைய நூறு வருஷத்தையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவரையே வாசகர் தேடி வருவார்.

'நிலமெல்லாம் ரத்தம்' என்னிடம் இருக்கிறது. வேண்டுபவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகலாம். பக்கத்தை மடிக்காமல் திருப்பித் தர வேண்டும். படித்து முடித்த பிறகு குழுவில் தாராளமாகச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.