பனிமலை விடுதியின் தண்ணீர்க் கணக்கு

சுற்றிலும் பனி மூடிய சிகரங்கள். அங்கே தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், சுவிட்சர்லாந்தில் உள்ள மோன்டே ரோசா மலையேறிகள் விடுதியில் தண்ணீரை அளந்துதான் செலவு செய்ய வேண்டும்.

இத்தாலி எல்லையை ஒட்டிய ஆல்ப்ஸ் மலையில், 2,883 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த விடுதி. செர்மாட் ஊரிலிருந்து மலை ரயிலில் ஏறி, ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்க வேண்டும். அதற்கு மேல் சாலை கிடையாது. சில மணி நேரம் நடைதான்.

மலையேறிகள் இரவு தங்க, 1895-ல் இங்கு ஒரு சிறு குடில் கட்டப்பட்டது. பிறகு கல் கட்டடம் வந்தது. இப்போதுள்ள விடுதியை சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சுவிஸ் மலையேறிகள் சங்கமும் சேர்ந்து 2009-ல் கட்டி முடித்தன. மரச்சட்டங்கள் முதல் ஆணி வரை ஹெலிகாப்டரில்தான் வந்தன. சுமார் 120 பேர் தங்கலாம். தெற்குச் சுவரில் பதித்த சூரியத் தகடுகள் மின்சாரம் தருகின்றன.

தண்ணீர்தான் பெரிய சவால். ஆண்டின் பெரும்பகுதி அது உறைந்து கிடக்கும். கோடையில் சில மாதங்கள் மட்டுமே பனி உருகி ஓடிவரும். மற்ற நாட்களில் பனிக்கட்டியை அடுப்பில் உருக்கலாம் என்றால், அதற்கான எரிபொருளும் வானத்தில் பறந்துதான் வர வேண்டும்.

அதனால், விடுதிக்கு 40 மீட்டர் மேலே பாறையைக் குடைந்து, 200 கன மீட்டர் கொள்ளளவில் ஒரு தொட்டி அமைத்தார்கள். அதாவது, 2 லட்சம் லிட்டர். உருகி ஓடும் காலத்தில் நிரப்பிக்கொள்கிறார்கள். தொட்டி மேட்டில் இருப்பதால் தண்ணீர் தானாகவே இறங்கி வரும்.

இது போதுமா? 120 பேர் ஆளுக்கு 100 லிட்டர் செலவழித்தால், 17 நாட்கள்கூட வராது. 20 லிட்டரோடு நிறுத்தினால் 83 நாட்களுக்கு வரும். தொட்டி ஒன்றுதான், செலவுதான் வேறு. அதனால்தான் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து, கழிவறைக்கும் துணி துவைக்கவும் மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடும் சேர்த்தே செய்யப்பட்டது. வானிலை அறிவிப்பையும், வரப்போகும் விருந்தினர் எண்ணிக்கையையும் பார்த்து, முன்கூட்டியே மின்சாரச் செலவைத் திட்டமிடும் முறையையும் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்.

விடுதிக்குக் கீழே நீண்டு கிடக்கும் கோர்னர் பனியாறு, வெப்பம் கூடக்கூட ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. இருப்பதைக் காக்கும் அவசியம் அங்கும் கூடிக்கொண்டே போகிறது.

பண்ணைக்குட்டை வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். குட்டையின் அளவு பாதிதான். எத்தனை நாளைக்கு, எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று நிரம்பிய அன்றே தீர்மானிப்பதுதான் மீதிப் பாதி.