அரை மாத்திரை

பராமரிப்பாளர் கூட்டங்களில் நான் நன்றாகப் பேசுவேன். மதுரையில் மாதம் ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில் கூடுவோம். டிமென்ஷியா வந்த அப்பாவையோ மாமியாரையோ கணவரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் மருமகள்கள் அதிகம். புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. நோயாளியோடு வழக்காடாதீர்கள், "இப்பத்தான சாப்பிட்டீங்க" என்று சாட்சி சொல்லாதீர்கள், மருந்து கொடுத்து அடக்கப் பார்க்காதீர்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில் என் மாமனாருக்கு மருத்துவர் எழுதியதைவிடக் கூடுதலாக மாத்திரை கொடுத்து உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு அது தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலான வருடங்கள் மதுரை – தேனி தடம். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் நாற்பது வயதிலிருந்தே உண்டு. இரண்டையும் அவர் மதித்ததில்லை. மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அங்கங்கே அடைத்துப்போவதால் வரும் வாஸ்குலர் டிமென்ஷியா என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். நினைவைச் சோதிக்கும்போது நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். நெரிசலில், ஓடுகிற வண்டியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனக்கணக்காகச் சில்லறை கொடுத்த மனிதர் தொண்ணூற்று மூன்றோடு நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சில்லறையா இருந்தா குடுங்க சார்" என்றார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

எங்கள் வீட்டில் கஷ்டமெல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான். வெளிச்சம் குறையக் குறையப் பதற்றம் கூடுவது இந்த நோயில் பலருக்கும் உண்டு. பகலெல்லாம் சேர்ந்த களைப்பு, ராத்திரி பகல் கணக்கு மூளையில் குலைந்துபோவது, மங்கலில் தெரிகிற நிழல்களை வேறெதுவோ என்று எடுத்துக்கொள்வது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். மாமாவுக்கு அது டிப்போவாக வரும். வண்டி ஓடி முடிந்ததும் இன்வாய்ஸை முடித்து, மிச்ச டிக்கெட்டை ஒப்படைத்து, கலெக்‌ஷனை எண்ணிக் கட்டிவிட்டுத்தான் கண்டக்டர் வீட்டுக்குப் போகமுடியும். குறைந்தால் கைக்காசைப் போடவேண்டும். "பைய எங்கம்மா வச்ச? கேஷியர் போயிருவாரு" என்று கேட்க ஆரம்பித்தால் வாசல் கதவை இழுப்பார், பூட்டியிருந்தால் ஓங்கி அடிப்பார். குறுக்கே போனால் என் கையை முறுக்கியதும் உண்டு. சில நாள் பதினொரு மணி வரைக்கும் இழுக்கும். எனக்கோ விடிந்தால் பள்ளிக்கூடம்.

இதற்கு எழுதிக் கொடுத்தது குவெட்டியபின் 25 மில்லிகிராம், ராத்திரி அரை மாத்திரை. கொஞ்ச நாள் கொடுத்துப் பார்ப்போம், அடுத்த முறை வரும்போது குறைக்க முடியுமா என்று பார்க்கலாம் என்றார் மருத்துவர். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. பள்ளியில் பரீட்சை நேரம் வந்தபோது அரை, ஒன்றாயிற்று. பரீட்சை முடிந்தபிறகும் ஒன்றுதான். பிறகு, ராத்திரி கொடுக்கவேண்டியதைச் சாயங்காலமே, டிப்போ நினைப்பு அவருக்கு வருவதற்கு முன்பே கொடுக்கத் தொடங்கினேன். அதாவது பதற்றத்துக்கு மருந்து என்பது போய், வராத பதற்றத்துக்கு மருந்து. சில நாள் ஒன்றரை. மாத்திரை சீக்கிரம் தீர்ந்தால் பழைய சீட்டைக் காட்டினாலே மெடிக்கலில் கொடுத்துவிடுவார்கள், கூடவே பாட்டி வைத்தியம் போல ஒரு ஆறுதலும் சொல்வார்கள்: "வயசானவங்க, தூங்குனா நல்லதுதான டீச்சர்."

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. குவெட்டியபின் மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான மருந்து. தூக்கம் வருவது அதன் பக்கவிளைவு. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பத்து வார அளவில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் சுமார் 2.6 சதவீதம், மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 4.5 சதவீதம். இறப்புக்குக் காரணம் பெரும்பாலும் இதயக் கோளாறு, அல்லது நிமோனியா போன்ற தொற்று. 2008இல் இந்த வகையின் பழைய மருந்துகளுக்கும் எச்சரிக்கையை நீட்டித்தார்கள். 2009இல் பிரிட்டனில் அரசு கேட்டு எழுதப்பட்ட அறிக்கை, அங்கே டிமென்ஷியா உள்ளவர்களில் 1,80,000 பேருக்கு இந்த மருந்துகள் கொடுக்கப்படுகின்றன, அதனால் வருடத்துக்கு 1,800 பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. இந்த எண்களைச் சார்ட் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மண்டபத்து மாடியில் மாட்டியது நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

இந்த மருந்தே கூடாது என்பதில்லை. இல்லாத உருவங்களைப் பார்த்து அலறுகிறவர்களுக்கு, தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிறவர்களுக்கு, வேறு எதுவும் உதவாதபோது குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. மாமாவுக்கு வேறு ஒன்று உதவியது என்பதுதான் என் விஷயத்தில் உள்ள சிக்கல்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் சாயங்காலம் தங்க நேர்ந்தது. மாமா பையைத் தேடினார். அக்கா தன் மஞ்சள் பையைக் காலி செய்து அவர் தோளில் மாட்டிவிட்டு, பூஜையறை உண்டியலிலிருந்து சில்லறையைக் கொட்டி, "எண்ணிக் குடுங்கய்யா, கட்டிருவோம்" என்று எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். மாமா ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று பிரித்து அடுக்கினார். செக்கானூரணியில் எத்தனை பேர் ஏறினார்கள், உசிலம்பட்டியில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். எண்ணிக்கை தப்பும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அக்கா ஒரு காகிதத்தில் கிறுக்கி, "கலெக்‌ஷன் சரியா இருக்கு" என்று நீட்டினார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாமா சோறு கேட்டார். அன்றைக்கு மாத்திரை கொடுக்க நான் மறந்தே போனேன்.

இந்த வித்தையை நான் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். யார் கண்டுபிடித்தது என்பதைச் சொல்லாமல் விட்டேன். வீட்டில் அதைத் தொடர்ந்து செய்தேனா? கொஞ்ச நாள் செய்தேன். அப்புறம் கசந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் முழுதாக ஒரு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும், தரையில் உட்கார்ந்து அதே சில்லறையை, அதே ஊர்களை, அதே கதையை. மாத்திரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வழி தெரியாத திண்டாட்டம் இல்லை இது. அந்த ஒரு மணி நேரத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் மிச்சப்படுத்திய நேரத்தில் விடைத்தாள் திருத்தியதும் உண்டு. சீரியல் பார்த்ததும் உண்டு. சீரியல் பார்த்ததுதான் அதிகம்.

என் நாத்தனார் மகளுக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. காலையிலேயே மாமாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டேன். பகலில் கொடுத்தது அதுதான் முதல்முறை. பட்டுக்கரை வேட்டி கட்டி நாற்காலியில் சாய்ந்து, வாயோரம் எச்சில் ஒழுகுவதுகூடத் தெரியாமல் இருந்தார். வந்தவர்கள் எல்லோரும், "மாமா எவ்வளவு அமைதியா இருக்காரு, நீ நல்லாப் பாத்துக்கிற" என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருப்பது இந்த வரிதான்.

இன்னொரு முறை அவர் இரண்டு நாளாக எதற்கெடுத்தாலும் கத்தினார், உட்காரவே மாட்டேன் என்றார். மாத்திரையைக் கூட்டினேன். மூன்றாம் நாள் வயிறு உப்பிக் கல்லாக இருந்ததை அக்காதான் குளிப்பாட்டும்போது கவனித்தார். மலச்சிக்கல். வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை வராமல் கத்தியிருக்கிறார், நான் அந்தக் கத்தலையும் நிறுத்தினேன். போதாக்குறைக்கு இந்த மருந்தே மலச்சிக்கலைக் கூட்டக்கூடியது. திடீரென்று மூர்க்கம் வந்தால் முதலில் வயிறு, சிறுநீர்த் தொற்று, பல், காது, எங்கேயாவது வலி என்று பாருங்கள், அப்புறம்தான் மருந்து. இதுவும் என் சார்ட் அட்டையில் இருந்தது, நான்காவது வரி.

விழுந்தது ஒரு விடியற்காலையில். கட்டிலிலிருந்து எழுந்து நின்றவர் அப்படியே சரிந்து, பீரோ முனையில் புருவம் கிழிந்தது. படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது இந்த மாத்திரைக்கு நன்றாகத் தெரிந்த குணம். தையல் போட்ட ஆஸ்பத்திரியில், "பாத்ரூம் ஈரத்துல வழுக்கிட்டாங்க" என்றேன். கணவர் அன்றைக்கே பாத்ரூமுக்கு வழுக்காத விரிப்பு வாங்கிவந்து போட்டார். அடுத்த தடவை மருத்துவர், "அரை மாத்திரையில தூங்குறாரா?" என்று கேட்டார். "தூங்குறாரு சார்" என்றேன். அவர் சீட்டில் அதையே தொடரச் சொல்லி எழுதினார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பேனா வேறு என்னவோ எழுதியிருக்கும்.

இத்தனைக்கும் மேல் ஒன்று உண்டு.

கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தையல் வேலை, மாமியாருக்கு அல்ஸைமர். ஒருநாள் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "அக்கா, ஒருநாள் முடியாம ஒரு மாத்திரை கூடக் குடுத்துட்டேன். தப்பாக்கா?" என்று கேட்டாள். படியில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். நான் நின்று, திரும்பி, அவர்களுக்கும் கேட்கும்படி, "தப்பில்ல, அது கொலைக்குச் சமம்" என்றேன். அவள் முகம் என்னவாயிற்று என்று நான் பார்க்கவில்லை. சார்ட் அட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் நான் கொடுத்தது ஒன்றரை.

அவள் அப்புறம் வரவில்லை. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. கேரளத்தில் 1992இல் தொடங்கிய அல்ஸைமர் சங்கம், சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு என்று இதில் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் ஒரு தையல்காரப் பெண் வேலையை விட்டுவிட்டு எங்கே போய்க் கேட்பாள்? அவளுக்கு வாய்த்தது எங்கள் மாடி அறை. அதில் வாய்த்தது நான். கூட்டத்தில் யாராவது, "அவங்க ஏன் வர்றதில்ல?" என்று கேட்டபோது, "சிலருக்கு அக்கறை பத்தாது" என்றேன்.

மாமா போன தை மாதம் இறந்தார். விழுங்குவது சிரமமாகி, கஞ்சி புரையேறி, நிமோனியா. நோய் முற்றினால் பலருக்கும் இப்படித்தான் முடிகிறது. மாத்திரை இல்லாமலும் இப்படியே ஆகியிருக்கலாம். அந்த எச்சரிக்கை சொன்ன காரணங்களில் நிமோனியாவும் இருந்தது என்பதை நான் மறக்கவும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மிஞ்சியிருந்த மாத்திரை அட்டைகளைக் கணவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "எழுதுனதைவிடக் கூட வாங்கியிருக்கமோ?" என்றார். அன்றைக்குச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எங்கிட்டக் கேட்டிருந்தா நானும் குடுக்கத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாக இருந்தது. கேட்கும்படி அவர் ஒரு சாயங்காலமாவது வீட்டில் இருந்தாரா என்ற சண்டை இன்னும் பாக்கியிருக்கிறது. அது எங்கள் இரண்டு பேருக்குள்.

அந்தப் பெண்ணின் நம்பரைக் கூட்டத்து நோட்டில் தேடி எடுத்துப் பேசினேன். மாமியார் இருக்கிறாராம். "நீங்க அன்னிக்குச் சொன்னப்புறம் யார்கிட்டயும் கேக்கலக்கா. நானாத்தான் பாத்துக் குடுத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். தானாகத் திடீரென்று நிறுத்திவிடாதே, இதே கணக்கை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல், அவர் படிப்படியாகக் குறைப்பார், எழும்போது ஒரு நிமிடம் கட்டிலில் உட்காரவைத்துப் பிடித்துக்கொள், வயிறு போகிறதா என்று தினமும் பார் என்றேன். பிறகு நான் கொடுத்துவந்த அளவைச் சொன்னேன், விழுந்ததைச் சொன்னேன், வளைகாப்பையும் சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"அப்ப அன்னிக்குப் படியில நீங்களும் குடுத்துக்கிட்டுதான் இருந்தீங்களா?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. கூட்டத்துக்கு வாம்மா, இதை அங்கேயும் சொல்லப்போகிறேன் என்றேன்.

"நீங்க சொல்லுங்கக்கா" என்றாள். "நான் வரல. அங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க."