ரத்தத்தை நிறுத்திய தேன்மெழுகு

ஆபரேஷன் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கத்திதான். ஆனால் வெட்டுவதை விடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. வெட்டிய இடத்தில் பெருகும் ரத்தத்தை நிறுத்துவது! வளர்ந்த ஒருவர் உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் பாதி போய்விட்டால் "ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் அவுட்" கதைதான்.

அந்தக் காலத்து வைத்தியம் கொடூரமானது. காலை வெட்டி எடுத்துவிட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துச் சுடுவார்கள். 16-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராணுவத்தோடு போன அம்புரோவாஸ் பாரே என்ற வைத்தியர் அதற்குப் பதிலாக ரத்தக் குழாயை நூலால் கட்டி முடிச்சுப் போட்டார். இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. பழங்காலத்தில் தெரிந்திருந்த முறைதான். கை, கால்களை வெட்டி எடுக்கும் சிகிச்சையில் அதைத் துணிந்து பயன்படுத்திக் காட்டியது அவர் பெருமை.

சரி, குழாயைக் கட்டிவிடலாம். எலும்பை எப்படிக் கட்டுவது?

மண்டை ஓட்டைத் திறக்கும்போது எலும்பின் நுண்துளைகளில் இருந்து ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும். நூலும் உதவாது, இடுக்கியும் உதவாது. லண்டனில் இருந்த விக்டர் ஹார்ஸ்லி 1892-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். 7 பங்கு தேன்மெழுகு, 1 பங்கு பாதாம் எண்ணெய், கொஞ்சம் சாலிசிலிக் அமிலம். அவ்வளவுதான்! சுவர் ஓட்டையில் புட்டி தடவுவது போல எலும்பில் அழுத்தித் தடவினால் துளைகள் அடைபடும். மெழுகு ரத்தத்தை உறைய வைப்பதில்லை. வழியை அடைக்கிறது, அதன் பின்னால் ரத்தம் தானாகவே உறைகிறது.

குறையும் உண்டு. மெழுகை உடல் கரைக்காது. அது இருக்கும் இடத்தில் எலும்பு கூடுவது தடைபடும், கிருமித் தொற்றுக்கும் இடம் கொடுக்கும். அதனால்தான் இன்றும் பயன்படுத்தும் டாக்டர்கள் அளவோடு தடவுகிறார்கள்.

மூளை இன்னும் சிக்கல். அவ்வளவு மிருதுவான இடத்தில் முடிச்சுப் போடுவது சுலபமா? அமெரிக்காவின் ஹார்வி குஷிங் 1911-ல் சின்னஞ்சிறு வெள்ளிக் கிளிப்புகளைப் பற்றி எழுதினார். அப்படியும் ரத்தம் அடங்காவிட்டால் பாதியிலேயே மூடிவிட்டு, சில நாள் கழித்து மறுபடி திறப்பார். 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் அப்படிப் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு நோயாளியை மீண்டும் மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தமுறை வில்லியம் போவி என்பவர் செய்த மின்கருவி கூட இருந்தது. உயர் அதிர்வெண் மின்சாரம் வெட்டவும் செய்தது, ரத்தத்தை உறையவும் வைத்தது. கட்டி வெளியே வந்தது.

மின்சாரம் வந்த பிறகும் பொருட்களின் தேவை தீரவில்லை. சாதாரணத் துணியை வைத்து அழுத்தினால், எடுக்கும்போது உறைந்த ரத்தமும் கூடவே பிய்ந்து வரும். உள்ளேயே விட்டுவிட்டால் அதைவிட ஆபத்து. 1940-களில் இதற்கு விடை கிடைத்தது: உடலிலேயே கரைந்து போகும் செல்லுலோஸ் துணியும், ஜெலட்டின் பஞ்சும். ஜெலட்டின் பஞ்சு 4 முதல் 6 வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் நனைந்தால் உப்பும். நரம்புக்குப் பக்கத்தில் குறுகலான இடத்தில் விட்டுவைத்தால் நரம்பையே நசுக்கிவிடலாம். ரத்தம் நின்றதும் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும் என்பது அதனால்தான்.

இன்னொரு விஷயம். இந்தப் பஞ்சுகளில் பல பன்றித் தோலில் இருந்து செய்யப்படுபவை. தன் உடலுக்குள் என்ன வைக்கப்படுகிறது என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. மத நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி.

ஆஸ்பத்திரி பில்லில் "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று ஒரே வரியில் இவை முடிந்துவிடும். தொகையைப் பார்க்கிறவர்கள் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?